மூடாத ஒரே இணைப்பு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். புளியமரமும் இல்லை, சுடுகாடும் இல்லை. ராமநாதபுரத்தில், பட்டப்பகலில், ஏசி ஓடுகிற ஆபீசில் அமுதவள்ளிக்கு நடந்தது இது.

மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. இனிக் கடலுக்குப் போகும் டோக்கனைப் படகுக்காரர்கள் போனிலேயே எடுக்கலாம். அதற்கான சர்வர் அவள் பொறுப்பு. அத்தனை படகும் ஒரே நேரத்தில் வந்து மோதினால் தாங்குமா? பொய்க் கோரிக்கைகளை ஏவிச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சர்வர் படுத்துச்சுன்னா நீ வேலைக்கு வராத," என்றான் மேலாளர் வசந்தகுமார். "ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயில மடை திறக்குற மாதிரி இல்ல இது."

"மடை திறந்தவக பிள்ளைக்கு எது எங்கன அடைக்கும்னு தெரியும் சார். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. வேலை போனால் 'படிச்சு என்னத்தக் கிழிச்சா' என்று ஊரே கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் சோதனையிலேயே சர்வர் திணறியது. டோக்கன் வாங்கி முடித்த இணைப்பு உடனே மூடாது, கொஞ்சம் காத்திருந்துதான் மூடும். அப்படிக் காத்திருப்பவை குவிந்துபோய் புதிதாக வருபவற்றுக்கு வழியில்லை. நெட்வொர்க் செட்டிங்கில் அந்தக் காத்திருப்பைக் குறைத்தாள். இணைப்புகள் நுழையும் போர்ட்டுகளைக் கூட்டினாள். மறுபடி ஏவினாள்.

தாங்கியது. எல்லா இணைப்பும் மூடின.

ஒன்று மூடவில்லை.

படகு எண் 418. சோதனைக்குச் சங்கத்துப் படகு எண்களைத்தான் எடுத்திருந்தாள். 417க்கு அடுத்து 419 என்றிருந்தது. யாரோ சோம்பேறி விட்டிருக்கிறான் என்று 418ஐ அவளே சேர்த்திருந்தாள்.

அது திரும்பத் திரும்ப ஒன்றையே அனுப்பியது: 'கரை திரும்பிவிட்டேன்.'

அவள் ஏவியது 'கடலுக்குப் போகிறேன்' மட்டும்தான்.

வசந்தகுமார் வேலை! தன்னைக் கவிழ்க்க உள்ளே புகுந்து விளையாடுகிறான். அவன் கம்ப்யூட்டர் கேபிளைப் பிடுங்கினாள்.

நிற்கவில்லை.

போன் போட்டாள். "சார், எங்க இருக்கீக?"

"மெஸ்ஸுல. ஏன்?" பின்னால் தட்டுச் சத்தம்.

அறையில் டீசல் வாடை... சர்வர் விசிறி டுக்... டுக்... டுக்... என்றது. விசிறிதானா?

சர்வரின் நெட்வொர்க் கேபிளையே உருவினாள்.

நிற்கவில்லை.

எங்கிருந்து வருகிறது? முகவரியைப் பார்த்தாள்.

அந்தச் சர்வருக்குள்ளிருந்தே...

கரை திரும்பிவிட்டேன்.

கரை திரும்பிவிட்டேன்.

"போடா அங்கிட்டு!" 418ஐத் தடை செய்தாள்.

சத்தம் நின்றது.

மறுநாள் சர்வர் தாங்கியது. வேலையும் தங்கியது. அடுத்த வாரம் படகுச் சங்கச் செயலாளர் இமானுவேல் வந்தார்.

"418ஐ யாரும்மா போட்டது?"

"நான்தாண்ணே. காலியாக் கெடந்துச்சு."

"காலி இல்லம்மா. என் தம்பி படகு. கடலுக்குப் போனவன் வரல. அந்த நம்பர யாருக்கும் குடுக்கிறதில்ல." குரல் இறங்கியது. "தடை முடியுறதுக்கு மொத நா, மத்தியானம் பூரா 418ன்னு போட்டு என் போனுக்கு மெசேஜ். கரை திரும்பியாச்சு, கரை திரும்பியாச்சுன்னு. வந்துட்டானோன்னு ஓடிப்போய் படகு கட்டுற பாலத்துல நின்னேன்..."

மெசேஜ் அனுப்பும் வசதியையே அவள் அன்று சர்வரில் சேர்த்திருக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு வந்துச்சு. அத்தோட நின்னுபோச்சு." போனை நீட்டினார்.

அந்த வார்த்தைகளை அவள் எழுதவில்லை. யாருமே எழுதவில்லை.

'அண்ணே, கரையில விடமாட்டேங்குறாக.'