லோகேஸ்வரியின் வலது கால்

கிள்ளானில் லோகேஸ்வரி இருக்கும் தாமான் குடியிருப்பில் அவளுடைய வெள்ளைக் காரில் ஏறாதவர்கள் குறைவு. பந்திங்கில் கல்யாணமா, காஜாங்கில் காதணி விழாவா, பக்கத்து வீட்டு ரமணிக்கு ஆஸ்பத்திரியா, எதுவானாலும் "லோகாக்காவக் கூப்பிடு" என்பார்கள். லோரி ஓட்டிய புருஷன் இருந்தவரை அவளை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்பார். அவர் போன பிறகுதான், தலை நரைக்கத் தொடங்கிய வயதில், பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளோடு வரிசையில் நின்று பழகினாள். மேட்டில் கார் பின்னால் உருண்டு இரண்டு முறை தோற்று, அடுத்த முறை லைசன் வாங்கினாள். யாரிடமும் "என்னைக் கொண்டுபோய் விடு" என்று கேட்காமல் வாழும் தைரியம் அந்த அட்டையோடு சேர்ந்து வந்தது.

அந்தத் தைரியத்தை ஒரு பங்குனி மாதத்துக் காலையில் பூக்கடை முன்னால் தொலைத்தாள்.

லிட்டில் இந்தியா கடைத்தெருவில் சாமான் வாங்கிவிட்டு, காரைப் பின்னால் எடுக்க ரிவர்ஸ் போட்டாள். கார் நகரவில்லை. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினாள். அப்போதும் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும், கார் திடீரென்று உதறிக்கொண்டு பாய்ந்து பின்னாலிருந்த பூக்கடை மேசையைத் தள்ளிவிட்டது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டி வைத்த மாலைகள் தார்ச்சாலையில் கிடந்தன. பூக்காரப் பெண் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையில் ரொட்டிச்சானாய் தட்டிக்கொண்டிருந்தவர்கூட வெளியே வந்துவிட்டார்.

"கியரு போட்டேன், ஓடல. அப்புறம் அதுவா பாய்ஞ்சிருச்சு" என்று மகன் சிவநேசனிடம் சொன்னாள்.

"கார் எப்படிம்மா அதுவா பாயும்? பிரேக்குன்னு நெனச்சு எண்ணெய் பெடல அமுக்கிட்டீங்க. வயசாச்சுல்ல, நார்மல் லா."

சிவநேசன் கெட்ட பிள்ளை இல்லை. முறையாகப் பம்பரை மாற்றி, வேறொரு கடையில் காரைச் சோதிக்கவும் கொடுத்தான். ஆனால் பம்பர் மாற்றியவர்கள் பேட்டரியைக் கழற்றியதில், காரின் கணினியில் பதிவாகியிருந்த கோளாறு அழிந்துபோனது யாருக்கும் தெரியாது. சோதித்தவருடைய கருவியில் ஒன்றும் காட்டவில்லை. "உள்ள ஏதும் தண்ணி கிண்ணி கொட்டுச்சா?" என்று கேட்டார். லோகேஸ்வரி இல்லை என்றாள், சிவநேசன் இல்லை என்றான், மருமகள் ஷாமினி தலையை மட்டும் ஆட்டினாள். "அப்ப காரு ஓகே பாஸ்" என்றார் அவர்.

கார் ஓகே என்றால் அம்மா ஓகே இல்லை என்றுதானே அர்த்தம். சாவி சிவநேசனின் பைக்குள் போனது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு புத்திமதி. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று எழுதி ஒரு நாத்தனார் சிரிக்கும் முகமும் போட்டிருந்தாள். அந்த அம்மாளுக்கு லைசனே கிடையாது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். லோகேஸ்வரியின் மனமும் நகர்ந்தது. மத்தியானங்களில் நாற்காலியில் உட்கார்ந்து, காலடியில் இரண்டு செருப்புகளைப் போட்டு, ஒன்று பிரேக், ஒன்று எண்ணெய் என்று வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வலது காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். ஒரு முறைகூடக் கால் தப்பவில்லை. ஆனாலும் அன்றைக்குத் தப்பியிருக்குமோ? ஊர் சொன்னதைவிட, தன் காலைத் தானே நம்ப முடியாமல் போனதுதான் அவளுக்குத் தாளவில்லை.

ஒருநாள் ஷாமினி அதைப் பார்த்துவிட்டாள். வாசற்படியில் நின்றவள் திரும்பி அறைக்குள் போனாள். மசக்கையாக இருக்கும் என்று லோகேஸ்வரி நினைத்தாள். பல வருஷம் காத்திருந்து தரித்த பிள்ளை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்த பலன். குடத்தில் பால் நிரப்பும் ஆற்றங்கரைக் கூட்டத்தில் தோதுப்படாதென்று, வீட்டு சாமி மேடையிலேயே பாலை ஊற்றி, மஞ்சள் துணி கட்டி, இதே காரில்தான் ஷாமினி அதை மடியில் வைத்துக் கொண்டுபோனாள். குடத்தைக் கீழே வைக்கக்கூடாது, பால் சிந்தினால் வேண்டுதல் பலிக்காது என்று ஆளாளுக்குச் சொல்லிப் பயமுறுத்தித்தான் அனுப்பியிருந்தார்கள்.

வைகாசியில் சிவநேசன் தன் காரைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குப் போனான். சாயங்காலம் திரும்பும்போது பின்பக்கம் நசுங்கியிருந்தது. ரிவர்ஸ் போட்டானாம், நகரவில்லையாம், அப்புறம் பாய்ந்து தூணில் இடித்ததாம்.

"கார்லதான்மா ஏதோ இருக்கு" என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வீட்டு ஆண்களுக்கு அது தொண்டையோடு நின்றுவிடும்.

இந்த முறை பம்பரைத் தொடுவதற்கு முன்பே காப்பார் சாலையிலிருந்த கார்த்திகேசுவின் பட்டறைக்குப் போனார்கள். லோகேஸ்வரியும் ஷாமினியும் கூடவே போனார்கள். கருவி உடனே கோளாறைக் காட்டியது. கார்த்திகேசு முன்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கினார். புளித்த நாற்றம் குப்பென்று அடித்தது. வயர்கள் சேரும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"கியருக்கு மூளை இங்கதான் இருக்கு பாஸ். ஈரம் எறங்கி அரிச்சிருக்கு. போட்ட கியரு லேட்டாத்தான் விழும், விழுந்தா ஒரே பாய்ச்சல்தான். யாரு இங்க பாலக் கொட்டுனது?"

சிவநேசன் நேரே அம்மாவைத்தான் பார்த்தான். "நீங்களாம்மா?"

மறுபடியும் நானா! லோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தவளின் கண்ணில் ஷாமினி பட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கை வயிற்றில் இருந்தது. பத்துமலையில் தானும் சிவநேசனும் மாலை வாங்கப் போனபோது குடத்தோடு காரில் தனியாக இருந்தவள் இவள்தான் என்பது லோகேஸ்வரிக்கு அப்போது நினைவு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் அந்தக் கை வயிற்றை விட்டு எடுபடவில்லை.

"ஆமா, நான்தான். பாசார்ல வாங்குன பால் பாக்கெட்டு ஒடைஞ்சிருச்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லம்மா!"

"அதுவா பாய்ஞ்சிருச்சுன்னு சொன்னேனே, அத நீ கேட்டியா? மொதல்ல சாவியக் குடு."

கார் சரியாகி வந்த அன்று, சிவநேசன் தன் காரில் முன்னால் போக, லோகேஸ்வரி தன் காரை ஓட்டினாள். ஷாமினி பக்கத்தில் இருந்தாள். கிள்ளான் பாலம் ஏறியதும் ஷாமினி பேச்செடுத்தாள்.

"அத்தே, அது குடத்துப் பால்."

"தெரியும்."

"கொஞ்ச நேரம் கீழ வச்சேன், சாஞ்சிருச்சு. தொடச்சிட்டேன். சொன்னா பிள்ளைக்கு ஆகாதும்பாங்களேன்னு..."

"மொதல்ல காரச் சோதிச்ச ஆளு கேட்டப்ப நீ வாயத் தொறக்கல, ஷாமினி. என் கால நானே நம்பாமக் கெடந்தேன். ரொம்ப வலிச்சுது. இப்பவும் வலிக்குது." பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "பிள்ள பொறந்ததும் உன் புருஷன்கிட்ட நீயே சொல்லிரு. ஆயுசுக்கும் நான் பாலக் கொட்டுனவளா இருக்க முடியாது."

ஷாமினி அழுதுகொண்டே தலையாட்டினாள். பிறகு கேட்டாள். "சாமி ஏத்துக்கிட்டிருப்பாரா அத்தே? பாதிக் குடந்தானே போய்ச் சேந்துச்சு."

சிக்னல் சிவப்பில் கார் நின்றது. லோகேஸ்வரி மருமகளின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள்.

"பாதிக்கே குடுத்துட்டாரே. அப்புறம் என்னத்துக்குப் பயம்?"

பச்சை விழுந்தது. அவள் வலது கால் பிரேக்கை விட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போனது.