யன்னலோடு கட்டிய விளக்கு

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய ஹில்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு டச்சுப் பெரியவர் இருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையை எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். 1950களில் அவர் வடிவமைத்துச் செய்த மேசை விளக்குகளைப் பணக்காரர்கள் இப்போது தேடி வாங்கி, அவற்றின் சாய்ந்த கழுத்தில் தத்துவம் கண்டார்கள். மகள் பிறந்தபோது எங்களுக்கும் ஒன்று தந்தார்.

மகள் தவழத் தொடங்கியதும், அதை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வாளோ என்று எனக்குப் பயம். பழைய சேலையைக் கிழித்து விளக்கை யன்னல் கைப்பிடியோடு கட்டினேன்.

"என்னப்பா, ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டி வச்சிருக்கிறீர்? அந்த மனுசன் கண்டால் என்ன நினைக்கும்?" என்றார் கணவர்.

அவிழ்த்தால் பிள்ளைக்கு ஆபத்து, விட்டால் பெரியவருக்கு அவமானம். நான் முடிவெடுப்பதற்குள் அவரே தேநீருக்கு வந்துவிட்டார். குனிந்து முடிச்சைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"நல்ல வேலை செய்தீர்கள்," என்றார் ஆங்கிலத்தில். "இது கவிழும். செய்த கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் ஒரு பத்திரிகை இதை நவீனம் என்று எழுதிவிட்டது. பிறகு எப்படித் திருத்துவது?"

போகும்போது, தன் வீட்டு விளக்குக்கும் கட்ட ஒரு சேலைத் துண்டு கேட்டார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. துண்டை அயன் பண்ணித்தான் கொடுத்தேன்.