சாம்பல் கட்டமும் எஃப் ஃபைவும்

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பிரவுசர் செய்கிறோம் என்றால் சொந்தக்காரர்கள், "அதான் ஏற்கெனவே இருக்குதே" என்பார்கள். இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டர்களில் பக்கத்தின் ஏதோ ஒரு மூலை சிக்கிக்கொண்டால் மொத்தத் திரையும் வெள்ளையாகி, அதுவரை அடித்ததெல்லாம் போய்விடும். அதை ஒழித்துக்கட்டுவதுதான் என் வேலை.

யோசனை எளிமையானது. ஒரு பக்கத்தில் நிரப்புகிற விண்ணப்பம் ஒரு ப்ராசஸில், அதாவது கம்ப்யூட்டருக்குள் தனியே ஓடும் ஒரு வேலையாக, ஓடும்; அதே பக்கத்தில் வரும் மேப் இன்னொரு ப்ராசஸில். ஒவ்வொன்றும் தன் படத்தைத் தனியே வரைந்து கொடுக்கும். மூன்றாவது ப்ராசஸ் அவற்றை வாங்கித் திரையில் அந்தந்தக் கட்டத்தில் ஒட்டும். ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும். சொல்ல நாலு வரி, செய்து முடிப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டர் அக்காவிடம் கெஞ்சி ஒரு மெஷினில் எங்கள் பிரவுசரைப் போட்டேன். மற்றவை நிரம்பியிருந்த ஒரு காலையில், வைத்திக்குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மாவை அக்கா அதன் முன்னால் உட்காரவைத்தார். மகளின் நர்சிங் விண்ணப்பம். அன்றே கடைசி நாள். அந்த அம்மா சொல்லச் சொல்ல அக்கா முக்கால் மணி நேரம் அடித்தார். நான் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கல்லூரிக்கு வழி காட்டிய மேப் செத்தது. அதன் கட்டம் மட்டும் சாம்பல் நிறமானது. விண்ணப்பம் ஓர் எழுத்துகூடக் குறையாமல் அப்படியே நின்றது! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் அக்காவின் விரல் எஃப் ஃபைவ் கீயை நோக்கிப் போனது. நம் ஊரில் திரையில் எது கோணலானாலும் முதலில் ரெஃப்ரெஷ்தான். அழுத்தினால் பக்கம் புதிதாக வரும், விண்ணப்பம் காலி.

"அக்கா, கைய எடுங்க!"

அக்கா திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "என்னா இப்டி கத்துற? நெட்டு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?"

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. விண்ணப்பம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் செத்த மேப்பிடமிருந்து காப்பாற்றியதை என் சாம்பல் கட்டமே கொல்லப் பார்த்ததே! எல்லா சென்டரிலும் நான் பின்னால் நின்று கத்த முடியுமா?

வழி கையிலேயே இருந்தது. மேப் கடைசியாக வரைந்து கொடுத்த படம், ஒட்டுகிற ப்ராசஸிடம் பத்திரமாக இருந்தது. நான்தான் மகா யோக்கியமாக அதைத் தூக்கிப்போட்டுச் சாம்பலைப் பூசியிருந்தேன். இனி அந்தப் படமே நிற்கட்டும். மேப் மறைவில் மறுபடி எழுந்து புதுப் படம் கொடுக்கட்டும்.

அப்படியே மாற்றி எழுதி, மறுவாரம் அக்காவை ஒரு பொய் விண்ணப்பம் அடிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அங்கிருந்தே அவர் திரையிலிருந்த மேப்பை மூன்று முறை கொன்றேன். அக்காவின் விரல்கள் ஒரு முறைகூட நிற்கவில்லை. நான் நாற்காலியை விட்டுக் குதித்தேன்.

அக்கா பதறிப்போய்த் திரும்பினார். "என்னாடி, என்னா ஆச்சு?"

"ஒன்னுமே ஆகலக்கா! ஒன்னுமே ஆகல!"