வெளியில் இருந்த மூடி

படக்காரி என்றுதான் அந்த வீட்டில் அவளுக்குப் பெயர். வைத்தவர் மாமியார். பாராட்டி வைத்த பெயர் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு மாமியார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். "படக்காரி எங்கே? பால் பொங்குது" என்று ஒரு குரல் வந்தால் போதும், எங்கிருந்தாலும் அடுப்படிக்கு ஓடுவாள்.

வேலை ஒரு கண்ணாடிக் கடையில். ஜன்னல் இல்லாத சின்ன அறை, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பதினோரு வருஷமாக ஊரார் கண்ணையெல்லாம் சரிபண்ணி அனுப்பியவளுக்கு, தான் பார்ப்பதற்கு என்று இருந்தவை இரண்டே இரண்டு பழைய காமிராக்கள்.

சின்னது கைப்பையில் அடங்கும். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். அது வீட்டுக்கு நேர்ந்து விட்டது: பிறந்தநாள், விருந்தாளி, மாமியாரின் புதுப் புடவை. பெரியது அவளுக்கே அவளுக்கு. கழுத்தில் தொங்கும் பெட்டி. முன்னால் இரண்டு கண், மேலே ஒரு கண்ணாடித் தட்டு. தலையைக் குனிந்து அதற்குள் பார்த்தால் தெரு இடவலம் மாறித் தெரியும். வலப்பக்கம் போகிற சைக்கிள் இடப்பக்கம் போகும். எதிரே நிற்பவர்களோ, இவள் குனிந்திருப்பதைப் பார்த்து, தங்களை யாரும் கவனிக்கவில்லை என்று முகத்தைத் தளர்த்திவிடுவார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் என்பதால் கண்டபடி அழுத்த முடியாது. நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால் அந்த வாரம் முழுக்க மனசு நிறைந்திருக்கும், கடையில் கூட்டம் அலைமோதினாலும் எரிச்சல் வராது.

சுருளைக் கழுவுவதும் அவளேதான். வெளிச்சம் பட்டால் படம் அழிந்துவிடும் என்பதால் அதற்குக் கும்மிருட்டு வேண்டும். அந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே இடம் குளியலறை. காற்றுத் துவாரத்துக்குக் கறுப்பு அட்டை, கதவிடுக்குக்குப் பழைய போர்வை. கவிழ்த்த வாளியின்மேல் கத்தரி, சுருள், சக்கரம், டப்பா, மூடி என்று இடமிருந்து வலமாக வரிசையாக வைத்துவிட்டு விளக்கை அணைப்பாள். ஃபிலிமைச் சக்கரத்தில் சுற்றி, டப்பாவில் இறக்கி, மூடியைப் போட்டுவிட்டால் அப்புறம் பட்டப்பகலில் மருந்து ஊற்றலாம். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தையும் கதவைத் தட்டித் தட்டியே தீர்த்துவிடுவார்கள் வீட்டார்.

இந்த முறை கழுவ வேண்டிய சுருளில் ஓரகத்தி இருந்தாள். கணவனின் அண்ணன் மனைவி. ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு காலை நேரத்தில், ஒரே ஒரு பையோடு வீட்டை விட்டுப் போனவள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மூன்றாம் நாள் மாமியார் ஆல்பங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அவள் முகம் இருந்த படத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் கிழித்துப் போட்டார். பெட்டிக் காமிராவுக்குள் பத்துப் படம் இருப்பது மாமியாருக்குத் தெரியாது. போவதற்கு முந்தின வாரம் மொட்டை மாடியில் எடுத்தவை. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதியின் முகம் இனி அதில்தான் இருந்தது.

கடை விடுமுறை நாளாகப் பார்த்து, மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே போனாள். "சீக்கிரம் வா, துணி ஊறிட்டிருக்கு" என்று மாமியார் விரட்டிய அவசரத்தில் வரிசையைச் சரிபார்க்காமலே விளக்கை அணைத்தாள். சுருளைப் பிரித்து, மேல்காகிதத்தைக் கிழித்துத் தரையில் போட்டாள். ஃபிலிம் சமர்த்தாகச் சுற்றிக்கொண்டது. டப்பாவில் இறக்கிவிட்டு மூடிக்குக் கையை நீட்டினாள். மூடி இல்லை.

வாளியைத் தடவினாள், தரையைத் தடவினாள், சோப்புப் பெட்டியைக்கூடத் திறந்து தடவினாள். அப்புறம்தான் உறைத்தது. போன தடவை கழுவியபோது மருந்து நாற்றம் என்று மாமியார் மூக்கைச் சுளிக்க, மூடியைப் பால்கனியில் காயவைத்தது அவளேதான்.

விளக்கைப் போட முடியாது. கதவைத் திறந்தால் கூடத்தில் மேற்கு வெயில் தகதகவென்று அடிக்கும். மேல்காகிதம் ஈரத்தில் கூழாகியிருந்தது. புடவையை நாலு மடிப்பாகச் சுற்றினாலும் அந்த வெயில் உள்ளே நுழைந்துவிடும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டப்பாவை மடியில் வைத்து, வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். இருட்டும்வரை இப்படியே இருக்க வேண்டியதுதான்.

முதலில் மாமியார் தட்டினார். "உள்ள என்ன பண்றே இவ்வளவு நேரமா?"

"மூடி வெளியில இருக்கு அத்தை. கதவைத் திறக்க முடியாது."

"மூடி வெளியில இருந்தா வெளிய வந்து எடுத்துக்கோயேன்! இதுக்கு ஒரு யோசனையா?"

அடுத்தது கணவன். கெட்டவன் என்றால் கதை சுலபமாக இருந்திருக்கும். அவன் கெட்டவன் இல்லை. "லேசாத் திற. கைய விட்டுக் குடுத்துடறேன்" என்றான்.

"லேசாத் திறந்தாலும் படமெல்லாம் வீணாப் போயிடும்ங்க."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"கடையில எடுத்ததுங்க" என்று பொய் சொன்னாள். அவனும் சரி என்று போய்விட்டான். எதற்கும் சரி என்று போய்விடுவதுதான் அவனுடைய குணம்.

இருட்டில் நேரம் நகர்வேனா என்றது. ஓரகத்தி போன அன்று காலையில் இவளை மாடிப்படியில் நிறுத்தி, "நீயும் வரியா?" என்று கேட்டிருந்தாள். அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் வா என்பதுபோல அத்தனை சாதாரணமாகக் கேட்டாள். இவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சுருள்ல இன்னும் ரெண்டு படம் பாக்கி இருக்குக்கா" என்றாள். சொன்னதை நினைத்து இப்போது வெட்கமாக இருந்தது. அந்த இரண்டையும் போன வாரம் கடை வாசலில் எதையோ எடுத்துத் தீர்த்திருந்தாள். எதை எடுத்தாள் என்பதுகூட ஞாபகம் இல்லை.

ஐந்து மணிக்கு மூத்தவர் வந்தார், ஓரகத்தியின் கணவர். அவருக்கு சாயங்கால ஷிஃப்ட், குளித்துவிட்டுத்தான் கிளம்புவார். தட்டவில்லை, இடித்தார். "திறக்கிறியா, தாழ்ப்பாளை நெம்பட்டுமா?"

"நெம்பாதீங்க அத்தான், வெளிச்சம் பட்டுப் படம் போயிடும்!"

"போனாப் போவுது. வேற எடுத்துக்கோ." கதவு அதிர்ந்தது. போர்வை கொஞ்சம் விலகி, கீழே நூல் மாதிரி ஒரு வெளிச்சம் தெரிந்தது. டப்பாவைப் புடவைக்குள் இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இனி பொய்யும் உதவாது.

"வேற எடுக்க முடியாது அத்தான்! அக்கா இருக்காங்க இதுல!"

கதவு நின்றது. கூடத்தில் டிவி சத்தமும் நின்றது. மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "அம்மா, சும்மா இரு" என்று அவர் சொன்னதும் கேட்டது. அதற்கப்புறம் யாரும் தட்டவில்லை. அவர் ஷிஃப்டுக்கும் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. படத்தைப் பிடுங்க உட்கார்ந்திருக்கிறாரா, பார்க்க உட்கார்ந்திருக்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

வெளியே பொழுது முழுக்க இருட்டியபின், வீட்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரும் கேட்காமலே அணைத்தார்கள்.

"மூடி கதவுகிட்ட இருக்கு" என்றார் மூத்தவர். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "எப்படி இருக்கா அதுல?" என்று கேட்டார்.

"சிரிக்கிறாங்க அத்தான். பத்துலயும்."



"இந்த வீட்டுலயா எடுத்தே?"

"மாடியில" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போவது கேட்டது.

அரையடி திறந்து மூடியை எடுத்தாள். மறுபடி தாழிட்டு, தடவித் திருகி மூடினாள். பத்துப் படமும் பத்திரம். இனி விளக்கைப் போடலாம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மருந்து ஊற்றலாம். அவள் விளக்கைப் போடவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதே வாளிமேல் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கணவனின் குரல் வந்தது. "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"அப்ப வெளிய வா."

"வந்து?" என்று கேட்டாள்.

அவன் நிஜமாகவே யோசித்தான்.

"ராத்திரிக்கு இன்னும் ஒண்ணும் பண்ணலியே" என்றான்.