தோள் மாற்றிய காவடி

ராத்திரியில் நடந்தால்தான் பயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பட்டப்பகலில். இந்த வருஷம் மே மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை, உச்சி வெயிலில், திருத்தணி மலைப்படியில். தேவிப்பிரியா என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன். நேரங்கள் அவள் செல்போனில் பார்த்தவை. ஒரு நிமிஷம்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தேவிப்பிரியாவுக்கு இருபத்திரண்டு வயது. வீடு மலையடிவாரத்தில். அவளுடைய அக்கா அனுராதாவும் அக்கா வீட்டுக்காரர் அசோக்குமாரும் ஓசூரிலிருந்து நான்கு நாள் லீவில் வந்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரரை தேவி பாவா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் பாவா திருத்தணியைச் சரியாகச் சுற்றிப் பார்த்ததில்லை. அன்று அக்கா கோயிலுக்குப் போகக்கூடாத நாள். அதனால் பாவாவைச் சுற்றிக் காட்டும் வேலை தேவிக்கு வந்தது.

கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். பாவாவின் காதில் விழாதபடி சொன்னாள்.

"ஆட்டோல இட்டுகினு போ, ஆட்டோலயே இட்டுகினு வா. படி பக்கம் மட்டும் வுடாதடி. டாக்டர் இன்னா சொன்னாருன்னு தெரியும் இல்ல?"

தெரியும். ஜனவரியில் பாவாவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வயது நாற்பத்தொன்றுதான். ஆனால் வீட்டு மாடிப்படியையே நின்று நின்றுதான் ஏற வேண்டும்.

"ஆங். நான் பாத்துக்கறேன்க்கா" என்றாள் தேவி.

மலைமேல் எல்லாம் நன்றாகத்தான் போனது. கூட்டம் இருந்தும் தரிசனம் சீக்கிரமே முடிந்தது. சாமி பார்த்துவிட்டு வந்து, ஊர் முழுக்கத் தெரியும் இடத்தில் நின்றார்கள். கீழே அரக்கோணம் பக்கமாக ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

"அதோ தெரியுது பாருங்க பாவா, அந்த மலைங்களுக்கு அப்பால ஆந்திரா."

"அங்க போனா பிரியாணி கெடைக்குமா, கைடம்மா?"

"கோயில்ல நின்னுகினு கேக்கற கேள்வியா இது?"

"சாமியே சிரிக்கிறாரு, உனக்கு இன்னா?"

பாவா எப்போதும் இப்படித்தான். ஆபரேஷன் அன்றுகூட நர்ஸைச் சிரிக்க வைத்தவர்.

மணி 12:05. ஆட்டோக்கள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. கால் மணி நேரம் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வண்டியும் மேலே வரவில்லை.

"படியிலயே போயிடலாம் வா" என்றார் பாவா.

"அக்கா திட்டும்."

"ஏறக்கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு? எறங்கக்கூடாதுன்னா சொன்னாரு?"

அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும் என்பாள் தேவி. அன்று அவள் சொல்லவில்லை.

படியின் ஓரமாகக் கால் சுடாமல் இருக்க அடித்திருந்த வெள்ளைப் பெயின்டின் மேலேயே இறங்கினார்கள். வெறும் கால். எதிரே ஏறி வருபவர் ஒருவர்கூட இல்லை. வெள்ளரிப் பிஞ்சு விற்கும் பெண்கள் இல்லை. குரங்குகள் இல்லை. திருத்தணிப் படியை அப்படி வெறிச்சென்று அவள் பார்த்ததே இல்லை.

பாதி வழியில் ஒரு கல்மண்டபம். அங்கே நிழலில் நின்று போனைப் பார்த்தாள். 12:31.

அப்போதுதான் அந்தக் காவடியைக் கவனித்தாள்.

தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். மர வளைவு, மயில் இறகு, இரண்டு பக்கமும் மஞ்சள் துணியால் வாய் கட்டிய பால் சொம்பு. வாடகைக்கு விடும் கடையில் எடுத்தது போலத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த மல்லிகை துளிகூட வாடவில்லை. அந்த வெயிலில்... அப்போதுதான் கட்டியது போல.

இன்னொன்றும் அவளுக்கு உறுத்தியது. காவடியைத் தோளில் ஏற்றினால் மேலே போய்ச் சேரும்வரை யாரும் இறக்கி வைக்க மாட்டார்கள். பாதி வழியில் இதை இறக்கியது யார்?

"ஒரே ஒரு போட்டோ எடு" என்றார் பாவா.

"ஐயோ, தொடாதீங்க. யாரோ நேர்ந்துகினது."

"அவங்க வர்றதுக்குள்ள வெச்சிடப் போறேன். உங்க அக்காவுக்கு அனுப்புனா மயங்கி வுழுவா பாரு."

சொல்லிக்கொண்டே தூக்கி வலது தோளில் வைத்துவிட்டார். தேவி வேறு வழியில்லாமல் போனை நீட்டினாள். பாவா சிரித்துக்கொண்டே, படியேறும் பக்தர்கள் கூவுவதுபோலக் கூவினார்.

"கந்தனுக்கு..."

"அரோகரா!"

பட்டனைத் தொடுவதற்குள் பதில் வந்தது.

தேவி சொல்லவில்லை. ஒரு ஆண் குரல். பாவாவின் முதுகுக்குப் பின்னால் இருந்து. கரகரப்பான, மூச்சு வாங்கும் குரல்.

பாவாவுக்குப் பின்னால் தூண் மட்டும்தான் இருந்தது.

பாவாவின் சிரிப்பு நின்றது. அவர் திரும்பினார். கீழ்ப்பக்கம் அல்ல, மேல்பக்கம். ஒரு படி ஏறினார். இன்னொரு படி.

"பாவா, போதும். வெளையாடாதீங்க. எறக்கி வைங்க."

"வெளையாடல தேவி."

"பின்னே?"

"கால் அதுவா போவுது."

அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிற்கவில்லை. காவடியைப் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். விரல்கள் மரத்தோடு மரமாக இருந்தன. முன்னால் போய் நின்று நெஞ்சில் கை வைத்துத் தடுத்தாள். அவளையும் தள்ளிக்கொண்டே ஏறினார். உள்ளங்கையில் அவர் இதயம் அடிப்பது தெரிந்தது. தாறுமாறாக...

அக்காவுக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை மணி அடித்தது. பிறகு போன் சூடாகி அணைந்தது.

ஜல்... ஜல்...

சலங்கைச் சத்தம். பாவா ஒரு படி ஏறினால், ஒரு படி கீழே ஒரு ஜல். பாவாவின் காலில் சலங்கை இல்லை.

தேவி திரும்பிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே கூடவே ஏறினாள். யாராவது வர மாட்டார்களா என்று மேலே பார்த்தாள். மேலே படிகள் மட்டும்தான்.

கீழே பார்த்தபோது படிக்கல்லில் எழுத்து தெரிந்தது. 'உபயம்: கஜபதி குடும்பத்தார், கனகம்மாசத்திரம்.'

கடந்து போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு கல்.

'உபயம்: கஜபதி குடும்பத்தார், கனகம்மாசத்திரம்.'

இரண்டு கல் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறையும் அதே கல். அதே மூலை உடைந்த கல். அதன்மேல் பாவாவின் கால் பதித்த வியர்வை ஈரம் இன்னும் காயவில்லை.

ஏறுகிறார்கள். ஆனால் மேலே போகவில்லை.

பாவாவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. உதடு நீலம்.

"தேவி... நெஞ்சு..."

"பாவா!"

"அனுகிட்ட... சொல்லு..."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க!"

அந்தக் கணத்தில்தான் அது ஞாபகத்துக்கு வந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய நைனா, அதாவது அப்பா, காவடி எடுத்தார். நடுப்படியில் தள்ளாடியபோது, சித்தப்பா அடியில் குனிந்து தன் தோளைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். காவடியை இறக்கத்தான் கூடாது. தோள் மாற்றிக்கொள்ளலாம்.

"எங்கிட்ட குடுங்க."

பாவா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

தேவி கேட்கவில்லை. குனிந்தாள். அவர் தோளுக்குப் பக்கத்தில் தன் தோளைச் செருகினாள். "தோள் மாத்திக்கறேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பாவாவிடம்தான் சொன்னாள். ஆனால் அவளுக்குப் பின்னால் யாரோ நீளமாக ஒரு மூச்சு விட்டார்கள்.

பாவாவின் விரல்கள் தானாகப் பிரிந்தன. அவர் படியில் சரிந்து உட்கார்ந்தார்.

பாரம் முழுவதும் அவள்மேல் இறங்கியது.

அது மரத்தின் பாரம் இல்லை என்கிறாள். ஒரு ஆள் தோளில் தொங்குகிற பாரம்.

சொம்பிலிருந்து பால் தளும்பிக் கழுத்தில் விழுந்தது. ஐஸ் போல.

நிற்க முயன்றாள். முடியவில்லை.

ஜல்...

கால் போனது.

ஜல்... ஜல்...

முதுகில் ஒரு கை. ஈரக் கை. தள்ளியது.

"நிக்காத" என்றது குரல். காதுக்குள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏறினாள்.

ஏறினாள்.

...

"யாரும்மா அது! வுழுந்துடப் போற!"

கண்ணைத் திறந்தால், மலைமேல் நிற்கிறாள். சுற்றிலும் ஜனம். மேளச் சத்தம். நெரிசலில் ஒரு குழந்தை அழுகிறது. அவளைத் தாங்கிப் பிடித்தது கண்ணையன் என்ற பெரியவர். அங்கே காவடி வாடகைக்கு விடுபவர். அவள் தோளிலிருந்து காவடி சுலபமாக இறங்கியது. சாதாரண மரக் காவடி.

அதன் அடியில் போட்டிருந்த தன் கடைப் பெயின்ட் குறியை அவர் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது எங்க கெடைச்சிது உனக்கு?"

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. பாவா என்று கத்திக்கொண்டு படியில் ஓடினாள். பின்னாலேயே நான்கு பேர் ஓடி வந்தார்கள்.

பாவா நடுமண்டபத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

"நான் எங்கடி ஏறினேன்?" என்று இன்றுவரை கேட்கிறார். "போட்டோ எடுக்கக்கூட இல்லியே. நெழல்ல உக்காந்தேன், தூங்கிட்டேன். நீதான் என்னிய வுட்டுட்டு எங்கயோ போயிட்ட."

ஆனால் அவருடைய இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துப் போயிருந்தன. எட்டு நாள் நடக்க முடியவில்லை. பாதிப் படி மட்டும் இறங்கிய ஒருவருக்கு அப்படி ஆகாது என்று நர்ஸ் சொன்னாள்.

ஜூன் இரண்டாம் தேதி தேவி மறுபடி மலைக்குப் போனாள். பஸ்ஸில் போனாள். கண்ணையன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். கடை ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்.

"அந்தக் காவடி இங்க இருக்குதா?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே உள்ள வெச்சிப் பூட்டினேம்மா. காலைல வந்து பாத்தா இல்ல. பூட்டு பூட்டினபடியே இருக்குது."

பிறகு அவரே சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆடிக் கிருத்திகை அன்று, அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவர் அவரிடம் அந்தக் காவடியை வாங்கி, அடிவாரத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஏறினார். பெயர் துரைக்கண்ணு. சாகக் கிடந்த மகளுக்காக வேண்டிக்கொண்டவர். மகள் பிழைத்துவிட்டாள். அவர்தான் நடுமண்டபத்தில் விழுந்தார். நெஞ்சு வலி. அந்தக் கூட்டத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காவடி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

"வுழறதுக்கு முன்னாடி போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் கெஞ்சினானாம். கொஞ்சம் தோள் மாத்திக்கறீங்களா, தோள் மாத்திக்கறீங்களான்னு. ஒருத்தரும் குடுக்கல."

தேவி தன் தோளைத் தடவிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, அவரு வேண்டுதல் இப்ப முடிஞ்சிருச்சில்ல பெரியவரே?"

கண்ணையன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மயில் இறகைச் சீவிக்கொண்டே சொன்னார்.

"மூணு வருசம் எடுக்கறேன்னு வேண்டிகினான்மா. மொத வருசம் அவனே மேல வரைக்கும் கொண்டாந்துட்டான். அடுத்த வருசந்தான் வுழுந்தான். நீ எடுத்தது ரெண்டாவது."