திட்டு வாங்கக் கட்டணம்

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த ஒற்றை அறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தேவையும் இல்லை. ஊரிலிருக்கும் பல் டாக்டர்கள் அத்தனை பேருக்கும் அந்த அறையைத் தெரியும். நோயாளியின் வாயில் அச்செடுத்த கையோடு அங்கேதான் அனுப்புவார்கள். உள்ளே ஒரு மேசை, மெருகு போடும் மோட்டார், அலமாரி நிறைய யார் யாருடையதோ தாடைகளின் வெள்ளை அச்சுகள். அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து, மெழுகில் பல் வரிசை வைத்துக்கொண்டிருப்பவனைத் தெருவே பல்செட்காரன் என்றுதான் கூப்பிடும். அந்தப் பெயரில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

வாய் ஓயாத ஆள். மழை, விலைவாசி, பக்கத்துக் கடைக்காரருக்கு வாய்த்த மாப்பிள்ளை என்று எதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவான். ஒன்றே ஒன்று மட்டும் அவன் வாயிலிருந்து வராது. எந்தப் பல் யாருடையது என்பது. கடைவீதியில் ஒருவர் பளிச்சென்று சிரித்துக்கொண்டு எதிரில் வருவார். தன் கைவேலைதான் என்று தெரிந்தும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவான். ஊர்க்கதை பேசுகிறவனுக்கு இப்படி ஒரு பூட்டு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியாது. ஆனால் அந்தப் பூட்டை நம்பித்தான் டாக்டர்கள் அவனிடம் வேலை கொடுத்தார்கள்.

அவன் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியக் குழுவைப் பழக்குகிறவள். கிளாரினெட் அவளுடைய வாத்தியம். நாளெல்லாம் பிள்ளைகளின் அபஸ்வரத்தைக் கேட்டுக் காது புளித்துப்போன அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். வானொலி நிலைய இசைக்குழுவில் ஒரு நாற்காலி. அங்கே கிளாரினெட்டுக்கு இருப்பதே இரண்டு இடங்கள். அவற்றில் ஒன்றில் இருப்பவர் சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேர்வுக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும், மாஸ்டர் என்று ஊரே அழைக்கும் ஒருவரிடம் கற்றவர்கள். மாஸ்டரின் கிளாரினெட்டைக் கேட்காத வீடு நாட்டில் இருக்காது. அவரிடம் சேர்த்துவிடலாம் என்று பல்செட்காரன் மனைவியை அழைத்துக்கொண்டு போனபோது, அவருக்கு வீடு பார்த்துக்கொள்ளும் அக்காதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே முறைகளைச் சொல்லிவிட்டார்.

"தொகையை நீங்களும் கேக்கக் கூடாது, அவரும் சொல்ல மாட்டாரு. காசைக் கையில நீட்டாதீங்க, அவருக்குப் பிடிக்காது. கவர்ல போட்டு பியானோ மேல வச்சிடணும். அவரு ஊருக்குப் போயிட்டாலும் அந்த வாரத்துக்கு வைக்கணும், நீங்க வராட்டியும் வைக்கணும். அவரைக் கேக்காம மேடை ஏறக் கூடாது. வேற யார்கிட்டயாவது போய்க் கத்துக்கிட்டா, அப்புறம் இந்தப் பக்கமே வர வேண்டாம்."

"சரிங்க அக்கா. எவ்வளவு வைக்கிறது?" என்று பல்செட்காரன் கேட்டுவிட்டான்.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தானே சொன்னேன்?"

வெளியே வந்ததும் அங்கே படிக்கும் ஒரு பெண்ணிடம் விசாரித்தார்கள். கண்ணாடி போட்ட அந்தப் பெண் வழக்கமான தொகையைக் காதோடு காதாகச் சொன்னாள். அவனுடைய சம்பாத்தியத்தில் பாதி அதற்கே போய்விடும். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வாய் ஓயாதவன் வாய் மூடி வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாஸ்டர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் போயின. கிளாரினெட் வாசிப்பவருக்கு அந்தப் பற்கள்தான் உயிர். வாத்தியத்தின் வாய்ப்பகுதியை அவற்றால்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். டாக்டர் அனுப்பிய அச்சோடு, தொப்பியை நெற்றிவரை இறக்கிவிட்டுக்கொண்டு மாஸ்டரே மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார். நான்கு பல்லும் பதித்த ஒரு தகட்டைப் பல்செட்காரன் செய்தான். அழுத்தியபோது ஆடியது. மறுபடி செய்தான். காற்று கசிந்தது. தன் மனைவியின் கிளாரினெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் வாய்ப்பகுதியின் சரிவை அளந்து மூன்றாவதாகச் செய்ததுதான் பொருந்தியது. அந்த அறையிலேயே மாஸ்டர் நாலு சுரம் ஊதிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க," என்றார்.

"காசு வேணாம் மாஸ்டர். என் வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுங்க, அது போதும்."

"பல்லு விஷயம் வெளிய போகக் கூடாது."

"போகாது மாஸ்டர்."

இப்படித்தான் அவள் அங்கே சேர்ந்தாள். கவர் வைக்கத் தேவையில்லாத ஒரே ஆள் அவள்தான். பல்செட்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. பல் விஷயத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, மற்றதைத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தான். வாராவாரம் அவள் திரும்பி வந்ததும், "மாஸ்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்பான். "நல்லா இருக்குன்னு சொன்னாரு," என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலராததை அவன் கவனிக்கவில்லை. அடுத்தவர் வாயையே பார்த்துப் பழகியவன், மனைவியின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டான். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

வானொலி நிலையத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது மாஸ்டரிடம் இருந்த இரண்டு பல் தகடுகளில் ஒன்று லேசாகத் தேய்ந்துவிட்டது. சரிசெய்து, மனைவி வகுப்புக்குப் போகும் நாளில் தானும் கூடவே எடுத்துக்கொண்டு போனான். முன்னறையில் இருவரையும் உட்கார வைத்துவிட்டு அக்கா சமையலறைக்குப் போனார். உள்ளே கண்ணாடிக்காரி தேர்வுக்குக் கொடுத்திருந்த பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தாலும் மாஸ்டரின் குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"நிறுத்து! யாரைக் கேட்டு அங்க மூச்சு வாங்கின? ஒரே மூச்சுல போற வரி அது. நடுவுல வெட்டி ரெண்டு துண்டா போட்டா அது பாட்டா? மறுபடி வாசி!"

மறுபடி வாசித்தாள். மறுபடி நிறுத்து. மறுபடியும் அதே வரி. எத்தனை தடவை என்று அவன் எண்ணவில்லை. வாத்தியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத அவனுக்கே கடைசியில் அந்த வரி மனப்பாடம் ஆகிவிட்டது. எங்கே மூச்சு அறுகிறது என்று வெளியிலிருந்தே கேட்டுச் சொல்லும் அளவுக்குத் தெரிந்துபோனது. கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பியானோ மேல் அவளுடைய கவர் இருந்ததைக் கதவு திறந்தபோது அவன் பார்த்தான்.

அடுத்து அவன் மனைவி உள்ளே போனாள். அதே பாட்டு. அதே வரி வந்தது. நடுவில், அதே இடத்தில், அவளும் மூச்சு வாங்கினாள். பல்செட்காரன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். இதோ திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"நல்லா இருக்கும்மா," என்றது மாஸ்டரின் குரல். "அடுத்தது வாசி."

வகுப்பு முடிந்தது. தகட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு மனைவியோடு வெளியே வந்தான். பாதித் தெருவில் அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்கு முன்னாடி வாசிச்ச பொண்ணும் நீயும் ஒரே வரியைத்தானே வாசிச்சீங்க?"

"ஆமா."

"அவளை அந்தப் பாடு படுத்தினாரு. நீயும் அங்கேயேதான் மூச்சு வாங்கின. உன்னை ஒண்ணும் சொல்லலியே?"

அவள் கிளாரினெட் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"அவரு எனக்குச் சொல்லிக்கொடுக்கலேன்னு. சேர்ந்த புதுசுலயே தெரியும்."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? நீங்க தெரு பூரா சொல்லி வச்சிருக்கீங்க. அப்புறம்..." அவள் நின்றாள். "வாராவாரம் ஒருத்தர் நல்லா இருக்குன்னு சொன்னா, சும்மா கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு தோணிடுது. பொய்யுன்னு தெரிஞ்சாலும் தோணுது. நான் மட்டும் என்ன பண்ணுவேன்?"

அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மாஸ்டர் மேல் கோபப்பட்டுக்கொண்டே வீடு வந்தான். மாடி வீட்டுக்குப் படியேறும்போது அது தன் மேலேயே திரும்பியது. இரண்டு வருடமாகத் தன் கைவேலையைக் கொடுத்து மனைவிக்கு அவன் வாங்கித் தந்தது வெறும் மரியாதை. மற்றவர்கள் காசு கொடுத்துத் திட்டு வாங்கினார்கள். அந்தத் திட்டில்தான் பாடமே இருந்தது.

அடுத்த வாரம் அவனும் உள்ளே போனான். மெழுகுக் கறை படிந்த விரலால் ஒரு கவரை எடுத்துப் பியானோ மேல் வைத்தான். இரண்டு டாக்டர்களிடம் கெஞ்சிக் கூடுதல் வேலைக்கு முன்பணம் வாங்கிச் சேர்த்த காசு. கவரை ஏறிட்டும் பார்க்காத மாஸ்டர் அன்றைக்குப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? நமக்குள்ள என்ன இதெல்லாம்?"

"நமக்குள்ள ஒண்ணும் வேணாம் மாஸ்டர். இனிமே உங்க பல்லுக்கு நான் பில் போடுறேன், எல்லாருக்கும் போடுற மாதிரி. இவளுக்கு நான் கவர் வைக்கிறேன், எல்லாரும் வைக்கிற மாதிரி. நீங்களும் எல்லாரையும் திட்டுற மாதிரி இவளைத் திட்டணும்."

மாஸ்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கை தன்னையறியாமல் மேலுதட்டைத் தொட்டுக்கொண்டது. "உங்க மனைவியைத் திட்டினா உங்களுக்குக் கோவம் வரும். கோவத்துல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை, அந்த ஆளுக்கு நான்தான் பல்லு கட்டினேன்னு சொல்லிட்டா? பொய்ப்பல்லோட வாசிக்கிறவனை எவன் மேடைக்குக் கூப்பிடுவான்? பயந்துட்டேன் தம்பி."

"நான் யாரோட பல்லைப் பத்தியும் இதுவரைக்கும் வாய் திறந்ததில்ல மாஸ்டர்." கவரை அவர் பக்கம் நகர்த்தினான். "என் வாயை அடைக்கறதுக்கு அவ காதை அடைச்சுட்டீங்களே."

மாஸ்டர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவளைப் பார்த்து, "வாசி," என்றார்.

பல்செட்காரன் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தான். அந்த வரி வந்தது. மூச்சு அறுந்தது. "நிறுத்து!" என்று ஒரு கத்தல். கேட்டதும் அவனுக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தான். இல்லை. பற்களைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. காசு கொடுத்துப் பெண்டாட்டிக்கு ஏச்சு வாங்கித் தரும் கிறுக்கன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டான். உள்ளே மறுபடி வரி, மறுபடி கத்தல். தண்ணீர் கொண்டுவந்த அக்கா, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்து மாஸ்டர் வாசல்வரை வந்தார். அவர் அப்படி வந்ததே இல்லை.

"ஒண்ணு சொல்லிடறேன். மறுபடி பொய் சொல்ல மாட்டேன். இந்தத் தேர்வுக்குள்ள இது சரியாகாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். தேர்வில் அந்த வரியைத் தாண்டுவதற்குள்ளேயே அவளிடம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலி கண்ணாடிக்காரிக்குப் போனது. சேதி தெரிந்த அன்று தெருவில் இரண்டு பேர் பல்செட்காரனைப் பிடித்து, "மாஸ்டர்கிட்ட படிச்சும் கிடைக்கலியா?" என்று கேட்டார்கள். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய் நுழைந்துகொண்டான்.

சில நாள் கழித்து அக்கா பல் தகட்டுக்கான பில் பணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பார்த்தால், பியானோ மேல் அவன் வைத்த அதே கவர். மூலையில் அவனுடைய மெழுகு விரல் ரேகைகூட அப்படியே இருந்தது. "நம்ம வீட்டுக் காசு ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வந்திருக்கு," என்று மனைவியிடம் காட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு இருவருக்குமே அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

கிளாரினெட் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவள் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சமைத்தாள். அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்து அச்சுகளுக்கு நடுவில் நின்றாள்.

"நாளைக்கு மாஸ்டர் வீட்டுக்குப் போறேன். கவருக்குக் காசு எடுத்து வச்சிருக்கேன்."

"இன்னும் எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

"எதுக்குன்னு தெரியல. அந்த வரி பாதியில நிக்குதுங்க. கேளுங்க, வாசிக்கிறேன்."

வாசித்தாள். போன மாதத்தைவிட நீளமாகத்தான் போனது. ஆனால் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு அறுந்தது. அவன் காதுக்கு அது தப்பவில்லை. வாசித்து முடித்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

இரண்டு வருடமாக மாஸ்டர் சொல்லிவந்த அந்த 'நல்லா இருக்கு' அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்காலி போய்விட்டது, வயதும் போய்விட்டது, இவளிடம் இப்போது உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று மனம் கெஞ்சியது. அவள் முகத்தைப் பார்த்தான்.

"கடைசியில மூச்சு வாங்கிட்ட," என்றான்.

அவள் கண் நிறைந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாத்தியத்தை மறுபடி வாயில் வைத்தாள். அவன் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த இடம் வரும்வரை காத்திருந்தான்.