வாளித் தண்ணீரில் ஓடிய எஞ்சின்

விரல்கள் பித்தளை உறைக்குள் பிஸ்டனை மெல்ல மேலே தள்ளின. உச்சிக்குச் சற்றுக் கீழே, பிடிக்க வேண்டிய இடத்தில்தான் பிடித்தது. சூடேறினால் உறை விரிந்து விட்டுக்கொடுக்கும். அளவெல்லாம் சரி. பிறகு ஏன் எஞ்சின் நேற்று ஏரியில் இறுகிச் செத்தது? அதற்கு முந்தைய ஞாயிறும் ஏன்?

வெண்டல் குபியாக் எரிச்சலோடு கையைத் துடைத்தார். பகலில் கார்த் தொழிற்சாலைக்கு வார்ப்பச்சு வெட்டுகிறவர். இருபது வருடமாக வீட்டுக் கராஜில், ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு மாடல்களுக்கு எஞ்சின் செய்கிறார். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

அவர் எஞ்சினை மட்டுமே பூட்டி ஓட்டுகிறவள் இப்போது லோர்னா டெஸ்மர் ஒருத்திதான். நேற்று மூன்றாம் சுற்றில் படகு கீச்சிட்டு நின்றது. ஓடத்தில் துடுப்புப் போட்டுப் போய் அதை எடுத்து வந்தவள், நனைந்த கையோடு சொன்னாள்:

"உன் எஞ்சின் கராஜுல சிங்கம், ஏரியில செத்த எலி. சனிக்கிழமையும் நின்னுச்சுன்னா கடை எஞ்சினத்தான் போடுவேன், வெண்டல்."

அவள் சிரிக்கவில்லை.

எரிபொருளை மாற்றினார். பேரிங்கை மாற்றினார். இரண்டு பிஸ்டன் குப்பைக்குப் போயிற்று. மேசையில் பூட்டி ஓட்டினால் பன்னிரண்டு நிமிடம் முனகாமல் முழு வேகத்தில் ஓடித் தொலைக்கிறது. அதுதான் ஆத்திரம். இங்கே கெட்டால் இங்கேயே பிடித்துவிடலாமே.

லோர்னா போன் செய்தாள். எஞ்சின் என்னாச்சு என்று கேட்டுவிட்டு, பனி உருகிப் பத்து நாள்கூட ஆகாத தண்ணீரில் கைவிட்டதில் விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது என்று புலம்பினாள். கேட்டுக்கொண்டே வெண்டல் துணியை வாளியில் நனைத்தார். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் அந்த வாளியிலிருந்துதான் போகிறது, அதிலேயே திரும்பி விழுகிறது. இத்தனை நாளும் வெந்நீரில் சோதித்திருக்கிறார். ஏரித் தண்ணீர் பட்டால் உறை எங்கே விரியும்? உள்ளே பிஸ்டன் மட்டும் சூட்டில் உப்பும்.

"மடப்பய."

"யாரு, நானா?"

"நான்தான். போன வை."

பெட்ரோல் பங்குக் கடையிலிருந்து ஐஸ் மூட்டை வாங்கி வந்து வாளியில் கொட்டினார். இரண்டே நிமிடம். ஏரியில் கேட்ட அதே கீச்சு.

மிச்சமிருந்தது ஒரே உறை. உள்ளே துளி அகலமாகும்படி தேய்ப்புப் பசையால் நாலு சுற்று, கழுவு, அள, ஐஸ் தண்ணீரில் ஓட்டு. மறுபடி கீச்சு. மறுபடி நாலு சுற்று. கூடத் தேய்த்தால் திரும்பச் சேர்க்க முடியாது என்ற பயத்தில் செவ்வாய், புதன், வியாழன் போயின. முடியில் முப்பதில் ஒரு பங்குக்கு மூன்று நாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

லீவு போட்டிருந்த வெள்ளிக்கிழமை மதியம் பத்து நிமிடம் நிற்காமல் ஓடியது. மாலையில் லோர்னா வந்தாள்.

"ஓடுமா?"

"ஐஸ் தண்ணியில ஓடுச்சு. ஜூலையில ஏரி சூடானா தொளதொளன்னு ஆயிடும். அதுக்கு வேற உறை வெட்டணும்."

"ஜூலைய அப்புறம் பாப்போம்."

உச்சியில் குறுகும் உறை பிஸ்டனைக் கவ்விக்கொள்ளாமலிருக்க, அது அடியில் வந்து நிற்கும்வரை எஞ்சின் சக்கரத்தைக் கையால் திருப்பிவிட்டு, துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.